மெகாஹெர்ட்ஸ் மாப்பிள்ளையின் பதினாறு துடிப்பு

ஜெராக்ஸ் கடைப் பெரியவருக்கு அவருடைய மாப்பிள்ளை தர வேண்டிய கடன் இரண்டாயிரத்து நானூறு. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்த இனத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் மறந்துபோவது கடன்தான்.

இனத்தின் பெயர் மெகாஹெர்ட்ஸ் மாப்பிள்ளை. நீங்களும் பார்த்திருப்பீர்கள். எந்த வீட்டில் கம்ப்யூட்டர் திக்கினாலும் மூக்கில் வேர்த்ததுபோல் வந்து நிற்பார். "மெமரி எத்தனை ஜிபி? டிடிஆர் எத்தனை?" என்று கேட்பார், பதிலுக்குக் காத்திருக்கமாட்டார், "பத்தாது" என்பார். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் மெமரி பத்தாது, மின்விசிறி மெதுவாகச் சுற்றினாலும் பத்தாது, குழந்தை ஏழாம் வாய்ப்பாட்டை மறந்தால் அதற்கும் பத்தாது. ஆயுளில் ஒரு கம்ப்யூட்டரின் மூடியையாவது கழற்றியிருக்கிறாரா? கேட்கக் கூடாத கேள்வி.

பெரியவர் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவர். அதே கடையில் தரை துடைக்க வந்து, கடையையே விலைக்கு வாங்கியவர். ஐந்து மெஷின்களில் எதற்கு மூச்சுத் திணறுகிறது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதர், மகள் முகத்துக்காக, கடைக் கம்ப்யூட்டருக்கு மெமரி வாங்க மாப்பிள்ளை கையில் பணத்தைக் கொடுத்தார். புத்தி எங்கே போயிற்று?

மாப்பிள்ளை வாங்கி வந்த மெமரிப் பட்டை கம்ப்யூட்டரின் ஸ்லாட்டில் உட்காரவில்லை.

"மாப்பிள்ளை, பட்டையில பள்ளம் ஓரிடத்துல இருக்கு, ஸ்லாட்ல மேடு வேற இடத்துல இருக்கே?"

"அந்தப் பள்ளம் காத்து போறதுக்கு மாமா. உங்க கம்ப்யூட்டர் டிடிஆர் மூணு, இது நாலு. ஒரு நம்பர் பெரிசு, அதான் முரண்டு பிடிக்குது."

சொல்லிவிட்டு நகம் தேய்க்கும் அரத்தை எடுத்தார். புதிதாக ஒரு பள்ளம் தேய்த்தார். அழுத்தினார். கம்ப்யூட்டர் மூன்று முறை நீளமாகக் கத்தியது.

"கேட்டீங்களா மாமா? சந்தோஷத்துல கத்துது."

அதற்குப் பிறகு அது கத்தவில்லை. எப்போதுமே கத்தவில்லை.

"பட்டைக்குக் கொடுத்த பணத்தையாவது திருப்பிக் கொடுத்துடுங்க மாப்பிள்ளை."

மாப்பிள்ளை லேபிளைக் காட்டினார். "சிஎல் பதினாறுன்னு போட்டிருக்கு பாருங்க. கேட்டவுடனே எதுவும் வராது மாமா. பதினாறு துடிப்பு கழிச்சுத்தான் வரும். அதுக்குப் பேரு லேட்டன்ஸி."

வேறு மாமனாராக இருந்தால் வானத்துக்கும் பூமிக்கும் குதித்திருப்பார். பெரியவர் நோட்டைத் திறந்தார். தினமும் கடை திறந்ததும் போனில் ஒரு முறை கேட்பார், ஒரு கோடு போடுவார். ஒன்பதாவது கோட்டில் மாப்பிள்ளைக்குக் கடனே ஞாபகமில்லை.

"நேத்து கரண்ட் போச்சே மாமா! கரண்ட் போனா மெமரியில இருக்கிறதெல்லாம் அழிஞ்சுடும்."

"பரவாயில்லை மாப்பிள்ளை. நான் நோட்டுல எழுதியிருக்கேன். அது அழியாது."

பதினாறாவது கோட்டுக்குப் போன் தேவைப்படவில்லை. மகளே புருஷனைக் கடைக்கு இழுத்துவந்து நிறுத்தினாள்.

"எண்ணி வைங்க. எங்கப்பா மூணாங்கிளாஸ்தான். ஆனா எண்ணத் தெரியும்."

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் போன வாரம் பக்கத்து மேசைக்காரரின் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்து, யாரும் கேட்காமலேயே உதட்டைப் பிதுக்கினது யார்? உங்கள் வீட்டில் நகம் தேய்க்கும் அரம் எங்கே இருக்கிறது?

பெரியவர் உள்ளங்கையை விரித்தார். நூறு நூறாகத் தாள்கள் விழுந்தன. இருபத்து மூன்றோடு மாப்பிள்ளையின் கை நின்றது.

"பத்தாது," என்றார் பெரியவர்.

சட்டைப் பையின் அடியிலிருந்து இருபத்து நான்காவது தாள் வந்து உட்கார்ந்தது, தேய்க்காமலே, சரியான இடத்தில்.