நீலத் துள்ளெலி

ஒரு காட்டில், அதாவது மரமே இல்லாத சஹாரா என்னும் மணற்காட்டில், அமஸ்தான் என்றொரு துள்ளெலி வாழ்ந்து வந்தது. உள்ளங்கையில் அடங்கும் உடம்பு, முயல் காது, கங்காரு கால், உடம்பைவிட நீளமான வால். அதற்குத் தாஸின் என்று ஒரு மனைவியும் நான்கு குட்டிகளும் உண்டு.

ஒருநாள் கடல் கடந்து பிரெஞ்சுச் சேவல்கள் விமானத்தில் வந்து இறங்கின. முள்கம்பி கட்டின. உயரமாக ஓர் இரும்புக் கோபுரம் எழுப்பின. கர்னல் சேவல் வரைபடத்தை விரித்துப் பார்த்து, "அருமையான இடம். ஈ காக்கை கிடையாது" என்றது.

"ஐயா, நாங்க இருக்கோம்" என்றது காலடியிலிருந்து அமஸ்தான்.

கர்னல் குனிந்து பார்த்தது. மறுபடி வரைபடத்தைப் பார்த்தது. "இதில் இல்லையே! போகட்டும், உங்கள் இனத்துக்கு என்ன பேர்?"

"துள்ளெலிங்க."

"அடடா! எங்கள் அணுகுண்டுக்குப் பேர் கிடைக்காமல்தான் தவித்துக்கொண்டிருந்தோம். நீலத் துள்ளெலி! எவ்வளவு அழகு!"

அமஸ்தானுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குத் துள்ளி ஓடியது. "கேட்டியா தாஸின்? அந்தக் கோபுரத்து மேல இருக்கிற சாமானுக்கு நம்ம பேரை வச்சிருக்காங்க!"

"அந்தச் சாமான் என்ன செய்யும்?"

"கேக்கலையே."

மறுநாள் ஒரு சிப்பாய்ச் சேவல் வந்து அறிவித்தது: "நாளைக் காலை எல்லோரும் வளையை விட்டு வெளியே வந்து, கோபுரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கண்ணைக் கையால் பொத்திக்கொள்ள வேண்டும்." அப்படிச் சொன்ன சிப்பாயின் கழுத்தில் கறுப்புக் கண்ணாடி தொங்கியது.

"எங்களுக்கும் கண்ணாடி உண்டுங்களா?" என்று அமஸ்தான் கேட்டது.

"உங்கள் சைஸில் வரவில்லை."

தாஸின் அப்போதே குட்டிகளைக் கூட்டிச் சேர்த்தது. "வா, மலைப்பக்கம் போயிடலாம்" என்றது.

"நம்ம பேர்ல விசேஷம் நடக்குது, நாமளே இல்லைன்னா எப்படி?" என்று அமஸ்தான் தங்கிவிட்டது. தாஸின் குட்டிகளை இழுத்துக்கொண்டு மலைக்குப் போனது.

விடிந்தது. பிறகு இன்னொரு முறை, அதைவிடப் பிரகாசமாக விடிந்தது. பொத்திய கையின் எலும்பெல்லாம் அமஸ்தானுக்கு மூடிய கண்ணுக்குள்ளேயே தெரிந்தது. மணல் கண்ணாடியாக உருகியது. சேவல்கள் கட்டிப்பிடித்துக் கூவின. மேகம் ஒன்று எழுந்து, காற்றிடம் வழி கேட்டுக்கொண்டு, மெதுவாக மலைப்பக்கம் போனது.

சில வாரங்களில் குட்டிகளுக்கு முடி கொட்டியது. கடைக்குட்டி சாப்பிட மறுத்தது. பிறகு எழுந்திருக்கவே இல்லை.

அந்த வெளிச்சத்தில் ஒரு கண் அவிந்துபோய், மிஞ்சிய ஒற்றைக் கண்ணோடு அமஸ்தான் கர்னலிடம் போய் நின்றது. "என் பிள்ளை செத்துப்போச்சுங்க."

"வெயிலாக இருக்கும்."

"பாலைவனத்துல பொறந்த பிள்ளைக்கு வெயிலா?"

"அதுதான் எங்களுக்கும் ஆச்சரியமாக இருக்கிறது" என்ற கர்னல், அதன் முதுகைத் தட்டிக் கொடுத்தது. "மனசு விட்டுவிடாதே. அடுத்து வெள்ளைத் துள்ளெலி வருகிறது, சிவப்பு, பச்சை எல்லாம் வருகிறது. உங்கள் இனத்துக்கு இதைவிட மரியாதை யார் செய்வார்கள்?"

எல்லா நிறமும் வெடித்து முடிந்தது. சேவல்கள் லாரிகளையும் கம்பிகளையும் மணலில் புதைத்துவிட்டு, எங்கே புதைத்தோம் என்பதை மறந்துவிட்டு, ஊருக்குப் போயின.

வெகுகாலம் கழித்து வடக்கிலிருந்து ஒரு நாரை வந்தது. "உங்க ஊர்க் காற்று அடிச்சு, சேவல் நாடெல்லாம் ஒரே செம்மண் தூசி. சோதிச்சுப் பார்த்தா அந்தக் குண்டோட விஷம் அதுல கொஞ்சம் இருக்காம்."

"என்ன சொன்னாங்க?" என்றது அமஸ்தான்.

"அளவு ரொம்பக் குறைச்சல், யாரும் பயப்பட வேண்டாம்னு அன்னைக்கே டிவியில சொல்லிட்டாங்க. ஆனா வெளிநாட்டுத் தூசி கேக்காம உள்ளே வந்துட்டுதேன்னு கோபம்."

தாஸின் வளை வாசலில் படிந்த தூசியை வாலால் பெருக்கித் தள்ளியது. பிறகு, "பயப்பட வேண்டாம்னு சொல்லவாவது அங்க ஆள் இருக்கு" என்றது.

நீதி: வெடிக்கும்வரை அது எங்கள் குண்டு, வெடித்த பிறகு அது உங்கள் தூசி.