சஹனில் தீர்ந்த தறி வழக்கு

"தறியே போகப் போகுது. இனி உனக்குப் பள்ளிக்கூடம் என்னத்துக்குகா?" என்று சாச்சா, வாப்பாவின் தம்பி, கேட்டார். அதற்கான பதில் சஹன் காக்காவுக்குத் தெரிந்திருந்தது.

கல்முனைக் கரையில் அரசாங்க உதவிக்காகக் கந்தோர் அதிகாரிகளோடு பிணங்கியவர்களில் பாதிப் பேரைக் வழக்கென்று கோட்டுப் படி ஏறவிடாமல் தடுத்தவர் அவர்தான். மிச்சப் பாதி பசியில்லாதவர்கள். ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டுத்தான் சஹன். அதைக் கல்யாண வீடுகளுக்கு வாடகைக்குக் கொடுப்பது அவர் தொழில்; அதனால் ஊருக்கே அவர் சஹன் காக்கா, அதாவது சஹன் அண்ணன். பிணக்குக்காரர் இருவரையும் ஒரே சஹனில் இருத்துவார். சோறு முடியும்வரை வழக்குக் கதைக்கக் கூடாது. வலை மானியத்துக்காக மாதக்கணக்கில் முகம் பாராத நிந்தவூர் மீனவரும் மீன்பிடிப் பரிசோதகரும், கடைசி இறைச்சித் துண்டை ஒருவர் பக்கம் ஒருவர் தள்ளிக்கொண்டிருக்க, அது காக்காவின் வாய்க்குள் போனது. வலையோ மீனவருக்குக் கிடைத்தது.

எங்கள் வழக்கு அதைவிடச் சிக்கல். அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த தறி வாப்பாவின் பெயரில் இருந்தது. வாப்பா மவுத்தாகி அடக்கம் முடிந்ததும், உம்மா முப்பது நாளுக்குள் நேரில் வந்து கைநாட்டு வைக்காவிட்டால் தறியைத் திருப்பி எடுப்போம் என்று கந்தோர் எழுதியது. உம்மாவோ இத்தாவில், கணவனை இழந்தவள் காக்கும் தனிமையில், இருந்தார். நாலு மாதமும் பத்து நாளும் வாசல் தாண்ட முடியாது. எங்கள் குடும்பத்தில் முதலில் எழுத்துப் படித்தவள் நான். அவகாசம் கேட்டு மூன்று மனு எழுதினேன். மூன்றுக்கும் 'விதியில் இடமில்லை' என்றே பதில் வந்தது. தறி போனால் நான் யார் வீட்டுத் தறியிலாவது கூலிக்கு நெய்ய வேண்டியதுதான்.

காக்கா கைத்தறிக் கந்தோர் ஐயாவை மனைவியோடு எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தார். ஐயா சாப்பிடக் கரண்டியோடு வந்தார். காக்கா அதை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, போகும்போது தருவதாகச் சொன்னார். ஐயாவின் அம்மணி உள்ளே உம்மாவோடும் என்னோடும் ஒரு சஹனில் இருந்தார். வெளியே ஐயா விதியைப் பற்றி வாய் திறந்தபோதெல்லாம் காக்கா இன்னொரு அகப்பை சோறு போடுவது திரைக்குப் பின்னால் எங்களுக்குக் கேட்டது.

சஹன் காலியானதும் ஐயா மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "எல்லாம் சரி காக்கா. ஆனா அவ கந்தோருக்கு வரோணுமே."

"கந்தோருக்கு ஆரு பெரியவர்?"

"நான்தான்."

"நீங்க இப்ப எங்க இரிக்கீங்க?"

ஐயா வீட்டைச் சுற்றிப் பார்ப்பது திரை இடுக்கில் தெரிந்தது.

படிவம் அவர் பையிலேயே இருந்தது. கந்தோர்க்காரர்கள் படிவம் இல்லாமல் விருந்துக்கும் போவதில்லை. அம்மணி அதை வாங்கி உள்ளே கொண்டுவந்தார். நான் ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்ட, உம்மா விரல் பதித்தார். அம்மணி சாட்சிக் கையெழுத்துப் போட்டார். தறி எங்களிடமே இருந்தது. நானும் பள்ளிக்கூடத்திலேயே இருந்தேன்.

இப்போது எஸ்.எஸ்.சி. சோதனையும் தேறிவிட்டேன். போன கிழமை ஆசிரியர் கலாசாலைக்கு விண்ணப்பம் அனுப்பினேன். 'உம்மை நன்கு அறிந்தவர்' என்ற இடத்தில் காக்காவைத்தான் எழுதினேன். அதற்காக அவர் வீட்டுக்குப் போய், அவருடைய சொந்தப் பெயர் என்னவென்று முதல் தடவையாகக் கேட்டேன்.