கண்டக்டர் ஏற்றிவந்த ஓட்டுகள்

"எனக்குத் தலைவலிண்ணா. நான் வரல."

கதவை முழுசாகத் திறக்காமல், ஒரு கண்ணும் பாதி மூக்கும் மட்டும் தெரியும்படி நின்றுகொண்டு தங்கச்சி சொன்னாள்.

"தலைவலியா? நேத்து சாயங்காலம் நல்லா சிரிச்சுப் பேசிட்டிருந்தியே?"

"இன்னைக்குக் காலையில வந்தது."

"அதெப்படிம்மா, எலெக்‌ஷன் தேதியைப் பாத்து வருது உன் தலைவலி?"

உள்ளே நாற்காலியில் மாப்பிள்ளை ஆணி பிடுங்குவதுபோல் தன் கால் நகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற மனிதர்.

"மாப்ள, உங்களுக்கும் தலைவலியா?"

மாப்பிள்ளை மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு, "முதுகு" என்றார்.

கதவு சாத்திக்கொண்டது.

வாசலில் நின்ற அண்ணன் கண்டக்டர் வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கிப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் தெருவில் அவரைக் கண்டக்டர் என்றால்தான் தெரியும். குரலும் ஓய்வு பெறவில்லை. அவர் காதோடு காதாக ஒன்றைச் சொன்னால் எதிர்வீட்டில், "அப்படியா சங்கதி?" என்பார்கள். தங்கச்சி முழுகாமல் இருந்த செய்தியை மாப்பிள்ளைக்குத் தெரியும் முன்பே ஒரு பஸ் முழுக்க அறிவித்தவர் அவர். பயணிகள் கைதட்டினார்கள். மாப்பிள்ளை அந்த பஸ்ஸின் பின்சீட்டில்தான் இருந்தார்.

அன்றைக்கு வார்டு தேர்தல். கவுன்சிலர் யார் என்பதில் யாருக்கும் அக்கறை இல்லை. வழக்கமாக ஓட்டுச் சாவடியில் அதிகாரிகளும் மின்விசிறியும்தான் இருப்பார்கள். ஆனால் இந்த முறை ஓட்டுச்சீட்டின் கீழ்ப்பகுதியில் ஒரு கேள்வியும் இருந்தது. நிரந்தரமாகத் தங்க அனுமதி இல்லாத வெளிநாட்டுக்காரர்களுக்கு இந்த வார்டில் வீடு வாடகைக்கு விடலாமா, கூடாதா? "கூடாது" ஜெயித்தால் அவர்கள் ஒரு மாதத்துக்குள் காலி செய்துவிட்டுப் போக வேண்டும்.

கண்டக்டர் வீட்டு மாடியில் அப்படி ஒரு குடும்பம் இருந்தது. புருஷன் பேக்கரியில் மாவு பிசைகிறவன். மனைவி தையல் பட்டறையில் காலர் வைக்கிறவள். கூட ஒரு சின்னப் பெண் குழந்தை. அவர்கள் ஊரில் அவர்கள் வீடு இருந்த இடத்தில் இப்போது வீடும் இல்லை, தெருவும் இல்லை. முதலில் வாடகைக்காகத்தான் சேர்த்தார். தன் மனைவி இறந்த பிறகு ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். அத்தனை பெரிய குரல் அன்றைக்கு வெளியே வரவில்லை. குழாய் தண்ணீர் நிற்காமல் ஓடுவதைக் கேட்டு மாடிவீட்டுப் பெண்தான் கீழே இறங்கி வந்து, தாழ்ப்பாளை உடைத்து, அவரைக் குழந்தைபோல் தூக்கினாள். அதன்பிறகு வாடகைக்காரர் என்ற பேச்சே அந்த வீட்டில் இல்லை. குழந்தை அவர் தட்டிலிருந்துதான் சாப்பிடும்.

காலையில் அவர் கிளம்பும்போதுகூட அந்தப் பெண் மாடிப்படியில் வந்து நின்றாள். நம் பாஷையை அவள் துண்டு துண்டாகப் பேசுவாள்.

"ஐயா, இன்னைக்குப் போகாதீங்க. வெயில். முட்டி வலிக்கும்."

"உனக்காகத்தாம்மா போறேன்."

"அதான்... வேண்டாம். வீட்ல இருங்க ஐயா."

ஏதோ சொல்ல வாயெடுத்தவள், எதிரே தங்கச்சி வீட்டு ஜன்னலைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டாள். தன் முட்டிக்காக இப்படி உருகுகிறாளே என்று கண்டக்டர் நினைத்தார். முட்டி உடைந்தாலும் சரி, இந்தத் தெருவில் ஒரு ஓட்டுகூட வீணாகக் கூடாது என்று முடிவு செய்துகொண்டார்.

தெருவில் அவருக்குக் கிடைத்தது மருத்துவமனை வெளிநோயாளிப் பிரிவுதான். தங்கச்சிக்குத் தலை. மாப்பிள்ளைக்கு முதுகு. சலவைக்கடைக்காரருக்குப் பல். முடிதிருத்துபவர், "இன்னைக்குப் பார்த்து எனக்கே முடி வெட்டிக்கணும்ணே" என்றார். அவருக்கு முழு வழுக்கை. ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர் ஜன்னல் வழியாகவே, "நீங்களும் கொஞ்சம் படுங்களேன்" என்றார்.

"படுக்கறதா? மாடியில இருக்கற குழந்தையை உங்க மடியில வச்சுக் கொஞ்சலையா டீச்சர்? ஒரு ஓட்டுப் போட உங்களுக்கு வலிக்குதா?"

டீச்சரின் கண் கலங்கியது. ஜன்னலைச் சாத்திவிட்டார்.

கண்டக்டருக்கு எரிச்சல் தலைக்கேறியது. நடுத்தெருவில் நின்று, கடைசி ஸ்டாப்பில் தூங்குகிறவனையும் எழுப்பும் அந்தக் குரலில் கத்தினார்.

"கேட்டுக்கோங்க! நாளைக்கு அவங்க மூட்டையைக் கட்டும்போது ஒருத்தரும் வந்து கண்ணைக் கசக்கக் கூடாது! தங்கச்சி, உனக்குந்தான்! இனிமே உன் வீட்டு வாசல்ல நான் கால் வச்சா என்னன்னு கேளு!"

ஒரு கதவும் திறக்கவில்லை.

சாவடி பள்ளிக்கூடத்தில். அங்கே போய் தன் ஓட்டைப் போட்டார். அதிகாரி கொட்டாவியை மடக்கி, "வாங்க வாங்க" என்று கல்யாண வீட்டு வரவேற்பு கொடுத்தார். வாசலில் "கூடாது" கட்சியின் மேஜை. அதன் பின்னால் இரும்புக்கடைக்காரர் தனியாக உட்கார்ந்திருந்தார்.

கண்டக்டருக்கும் இரும்புக்கடைக்காரருக்கும் இந்த விஷயத்தில் ஒரு வருஷமாக வாய்ச்சண்டை. அவர் கெட்டவர் இல்லை. மகன் படித்துவிட்டு வேலை இல்லாமல் வீட்டில் இருக்கிறான். அவன் போய்க் கேட்ட இடத்திலெல்லாம் பாதிச் சம்பளத்துக்கு வெளிநாட்டு ஆள் இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள்.

"பஸ்ஸுல இடமில்லன்னு உள்ள உக்காந்திருக்கறவன்தான்யா சொல்லுவான். படிக்கட்டுல தொங்கறவன் சொல்லமாட்டான்" என்று கண்டக்டர் ஒருமுறை மடக்கினார்.

"அளவுக்கு மேல ஏத்தி பஸ் சாஞ்சா, உள்ள இருக்கறவன் தொங்கறவன் எல்லாரும்தானே விழுவோம்?" என்றார் அவர்.

அப்படிச் சாய்ந்த பஸ் ஒன்றில் கண்டக்டரே வேலை பார்த்திருக்கிறார்.

இன்றைக்கு இரும்புக்கடைக்காரர் முகம் வாடியிருந்தது.

"என்ன, உங்க ஆளுங்களும் வரலையா?"

"வந்தாங்க. போதாது. ஜனங்களே வரமாட்டேங்கறாங்களே கண்டக்டரே."

"என் பக்கமும் அதே கதைதான். மார்க்கெட்டுக்கு அந்தப் பக்கம் அடுக்குமாடியில நம்ம வார்டு ஜனம் நிறைய இருக்கு. போய்க் கூட்டிட்டு வரலாம்னா வண்டி இல்ல."

இரும்புக்கடைக்காரர் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"என் வேனை எடுத்துக்கோங்க. டிரைவரும் இருக்கான்."

"யோவ், நான் உமக்கு எதிரா ஓட்டு ஏத்திட்டு வரப்போறேன்."

"யாருக்குப் போட்டா என்ன? ஜனம் வரணும். அதுதான் முக்கியம்."

இப்படியும் ஒரு அப்பாவி உண்டா என்று கண்டக்டர் வியந்தார். எதிரியின் டீசலில் எதிரியைத் தோற்கடிக்கும் வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்?

அடுக்குமாடி வாசலில் வேன் நின்றதும் பழைய ரத்தம் ஓடியது. கதவைத் திறந்து படியில் ஒரு காலை ஊன்றி, "ஏறு ஏறு ஏறு! உள்ள போ, உள்ள போ, நடுவுல இடம் இருக்கு!" என்றார். ஜனம் ஏறிவிட்டது. எங்கே போகிறது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அந்தக் குரல் அப்படி. ஒரு அம்மா காய்கறிப் பையோடு ஏறினாள். ரயிலைப் பிடிக்க வேண்டிய ஒருவர் பெட்டியோடு ஏறினார். பள்ளிக்கூடத்தில் இறக்கியபோதுதான், "இது ஸ்டேஷன் இல்லையே?" என்றார்.

"ரயில் எப்பவும் லேட்டுதான். வந்ததுக்கு ஒரு ஓட்டைப் போட்டுட்டுப் போங்க. கீழ்க் கட்டம், 'விடலாம்'. ஞாபகம் வச்சுக்கோங்க, 'விடலாம்'!"

முதல் வண்டியின் ஆட்கள் வரிசையாக வெளியே வந்தார்கள்.

"என்னம்மா, 'விடலாம்'தானே?"

காய்கறி அம்மா கன்னத்தில் கை வைத்தாள். "ஐயோ, 'கூடாது' மேல இருந்துச்சா, கை அங்கேயே போயிடுச்சுங்க."

அவள் பின்னால் வந்த பெரியவர் இரண்டு கட்டத்திலும் முத்திரை குத்தியிருந்தார். யார் மனசும் நோகக் கூடாதாம். அதற்கும் பின்னால் வந்த புதுமணத் தம்பதி ஆளுக்கொரு கட்டத்தில் குத்திவிட்டு, அங்கேயே முதல் சண்டையை ஆரம்பித்தார்கள்.

போன ஓட்டை ஈடுகட்ட இன்னொரு வண்டி தேவைப்பட்டது. இரண்டாவது நடையில் வழிநெடுகப் பாடம் எடுத்தார். அதில் எரிச்சலான ஒருவர், "எனக்கு நீ என்னய்யா சொல்றது?" என்று வீம்புக்கு "கூடாது" போட்டார். அதை ஈடுகட்ட மூன்றாவது நடை. அதில் வந்தவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். மாடிக் குழந்தையைப் பற்றி அவர் சொன்னதைக் கேட்டு ஒரு நர்ஸ் அழுதேவிட்டாள். "கண்டிப்பா 'விடலாம்'தான் சார்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தத் தெம்பில், பூட்டப் போகிற நேரத்தில் நாலாவது வண்டியும் வந்து சேர்ந்தது. முட்டி கொழுக்கட்டையாக வீங்கிவிட்டது. கண்டக்டருக்கு அது தெரியவில்லை.

"பரவாயில்லையே! இத்தனை பேர் வந்து நான் பார்த்ததே இல்ல" என்றார் அதிகாரி.

இரும்புக்கடைக்காரர் எழுந்து வந்து கண்டக்டரின் கையைக் குலுக்கினார். ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்க குரல் பெரிய சொத்துங்க" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

மறுநாள் முடிவு வந்தது. "கூடாது" ஜெயித்திருந்தது.

கண்டக்டர் அதை மாடி ஏறிப்போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் ஒரு செய்தியைச் சொல்லத் தெரியாமல் நின்றார். அந்தப் பெண்ணுக்கு முன்பே தெரிந்திருந்தது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்து, சுடுதண்ணீரில் துணியை நனைத்து அவர் முட்டிக்கு ஒத்தடம் கொடுத்தாள்.

"நான் தோத்துட்டேம்மா."

"நீங்க எங்களுக்கு ரொம்ப ஓடினீங்க ஐயா. அது போதும்" என்றாள். தலை நிமிரவே இல்லை.

மாதக் கடைசியில் லாரி வந்தது. சாமான் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கட்டில், தையல் மெஷின், குழந்தையின் மூன்றுசக்கர சைக்கிள். தெருவே வந்து நின்றது. தலைவலி, முதுகுவலி, பல்வலி எல்லாம் வரிசையாக நின்று அழுதன. கணக்கு டீச்சர் குழந்தையை இறக்கிவிடவே மாட்டேன் என்றார். கண்டக்டர் யார் பக்கமும் திரும்பவில்லை. அந்தப் பெண் போய்த் தங்கச்சியையும் மாப்பிள்ளையையும் தனியாக அழைத்து, மெதுவாக ஏதோ சொன்னாள். மாப்பிள்ளை தலையாட்டினார். அப்புறம் அவள் கண்டக்டரிடம் வந்து, அவர் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு, லாரியில் ஏறிவிட்டாள்.

லாரி உறுமிக்கொண்டே நின்றது. பின்பக்கம் கண்டக்டர் நின்றிருந்தார். குழந்தை கம்பி வழியாகக் கையை நீட்டியது. அவர் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, இத்தனை வருஷப் பழக்கத்தில், தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டி, "ரைட்" என்றார்.

லாரி கிளம்பிவிட்டது.

யாரும் சிரிக்கவில்லை. கண்டக்டர் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு விறுவிறுவென்று தங்கச்சி வீட்டுக்குள் நுழைந்தார். வாசலில் கால் வைக்கமாட்டேன் என்று சொன்னதெல்லாம் எங்கே போனதோ.

"திருப்தியா உனக்கு? ஏன் அழற? ஒரு ஓட்டு! ரெண்டு எட்டு நடந்தா பள்ளிக்கூடம்! இந்தத் தெரு மொத்தமும் வந்திருந்தா ஜெயிச்சிருக்கலாமேடி!"

தங்கச்சி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு விம்மினாள்.

"தெரு வந்திருந்தாலும் பத்தாதுண்ணா... அவங்க பக்கம் ஜாஸ்திண்ணா..."

"அதுக்கு? முயற்சி பண்ணக் கூடாதா? நான் ஒருத்தன், முட்டி போனாலும் பரவால்லன்னு நாலு வண்டி ஆளை ஏத்திட்டு வரல? நீங்கள்லாம் மனுஷங்களா? அந்தப் பொண்ணு உங்களுக்கு என்னடி பாவம் பண்ணுச்சு?"

"அண்ணா, போதும். விட்டுடுண்ணா."

"விடமாட்டேன்! பதில் சொல்லு! ஏன் வரல?"

நாற்காலியிலிருந்து மாப்பிள்ளை எழுந்தார். "வேண்டாங்க, சொல்லாதீங்க" என்று தங்கச்சி அவர் கையைப் பிடித்தாள். அவர் மெல்ல விலக்கினார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

"வார்டுல கால்வாசிப் பேராவது ஓட்டுப் போட்டாத்தான் அந்தக் கேள்வி செல்லும் மச்சான். அதான், அவங்களைக் காப்பாத்தத் தெருவே கதவைச் சாத்திட்டு உள்ள உக்காந்திருந்தோம். உங்ககிட்ட சொன்னா ஊருக்கே தெரிஞ்சிடும்னு சொல்லல. கால்வாசியைத் தாண்டினது உங்க நாலாவது வண்டியாலதான்... இதை மட்டும் உங்ககிட்ட எப்பவும் சொல்லிடாதீங்கன்னு இப்பதான் அந்தப் பொண்ணு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டுப் போச்சு."