பச்சைக்கொடி கொடுத்த சட்டை

திருத்தணியில் மலை மேல் இருக்கும் முருகனைத் தவிர வேறு யார் சொல்லுக்கும் அடங்காத ஒரே மனிதர் எங்கள் எதிர்வீட்டுப் பச்சைக்கொடி. முருகன் சொல்லியாவது கேட்டாரா என்பது எனக்குச் சந்தேகம்தான். அவருடைய நிஜப் பெயர் அவர் பெண்சாதிக்குத் தெரிந்திருக்கும். அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

ரயில்வே கேட்டில் கொடி காட்டும் வேலையிலிருந்து அவரை வயதாகிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. தன்னுடைய பழைய பச்சைக்கொடியை எடுத்துக்கொண்டு தினமும் கேட்டுக்குப் போவார். புது ஆளுக்குப் பத்தடி தள்ளி நின்று, ஒவ்வொரு ரயிலுக்கும் தானும் காட்டுவார். புது ஆள் சண்டைக்கு வந்தான்.

"நீ உன் வேலய பாருப்பா. என் மூஞ்ச பாக்காம போனா டிரைவருக்கு மனசு கேக்காது" என்றார்.

அது யுத்த காலம். நான் மூன்றாவது தடவையாக உண்டாகியிருந்தேன். முதல் பிள்ளை பத்து நாள் இருந்தது. இரண்டாவது ஒரு மாதம். பிறக்கும் முன்னால் பிள்ளைக்குத் துணி தைத்தால் தங்காது என்பது என் மாமியாரின் சட்டம். இந்தத் தடவை வீட்டிலிருந்த ஊசியையே ஒளித்துவிட்டார். எனக்கோ கை பரபரத்தது.

ஒருநாள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். பச்சைக்கொடி வந்து நின்றார்.

"இன்னாம்மா, வரப்போற ஆளுக்கு ஒரு சட்ட கெடயாதா?"

"தெச்சா ஆவாதாம்" என்றேன்.

"ஆவாதுன்னா ஆவாதுதான்!" என்று உள்ளேயிருந்து மாமியார் கத்தினார்.

"ஏங்க்கா, ரெண்டு தபா தெக்காமத்தான பாத்தீங்க? தங்கிச்சா?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. நான்தான் ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று அதுவரை உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் மூச்சு வந்தது.

சரி, துணிக்கு எங்கே போவது? யுத்தத்தால் எல்லாம் கண்ட்ரோல், கார்டில் பேர் இருந்தால்தான் துணி. பச்சைக்கொடி நேரே கண்ட்ரோல் துணிக்கடைக்குப் போய் வரிசையில் நின்றார்.

"கார்டுல புள்ள பேர் ஏறிக்கீதா?" என்றான் கடைக்காரன்.

"ஆளே இன்னும் வர்ல, பேரு எங்க வரும்?"

"பொறந்தப்புறம் வாய்யா!"

"அது வரிக்கும் கோணில சுத்தி வெக்கறதா?"

நாலு பேர் சேர்ந்து வெளியே தள்ளிவிட்டார்களாம். வேர்த்து விறுவிறுத்து எங்கள் வாசலுக்கு வந்தார். ஒரு கையில் கோணி ஊசி. இன்னொரு கையில், கொம்பிலிருந்து கழற்றி, துவைத்து உலர்த்திய பச்சைக்கொடி.

மாமியார் வாசற்படியை மறித்துக்கொண்டு நின்றார். "புதுசு கிதுசுன்னு ஒண்ணும் உள்ள வரக்கூடாது!"

"இத்தயா புதுசுன்றீங்க? பொறந்த புள்ளைக்கு மொதல்ல பழந்துணிதான போடணும்? வெயிலு, மழ, புயலு எல்லாத்தையும் பாத்துட்டு நல்லா கீற துணிக்கா இது. இத்த வுடப் பழசு உங்க பொட்டில கீதா?"

மாமியார் கொடியைத் தொட்டுப் பார்த்தார். துவைத்துத் துவைத்து அது பூப்போல ஆகியிருந்தது. உள்ளே போய், அரிசிப் பானைக்குள் கைவிட்டு ஊசியை எடுத்து வந்தார்.

"அந்தக் கோணி ஊசிய தூரப் போடுய்யா. புள்ளைக்கா தெக்கறே, மூட்டைக்கா?"

பொத்தான் இல்லாமல், முதுகில் நாடா வைத்து, தையலெல்லாம் வெளிப்பக்கம் வருகிற மாதிரி நான் தைத்தேன். வீட்டுக்குள் மறைக்காமல் வாசலில் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்கத்தான் தைத்தேன். போகிறவர்கள் "உல்டாவா தெக்கறா பாரு" என்று சிரித்தார்கள்.

பச்சைக்கொடி விடுவாரா? "ஊருக்குக் குத்தட்டும். புள்ளைக்குக் குத்தக் கூடாது!"

மகள் பிறந்தாள். மாமியார்தான் அந்தச் சட்டையை மாட்டிவிட்டார். பத்தாம் நாள் நான் கண்ணை மூடவே இல்லை. அந்த நாள் தாண்டியது. ஒரு மாதமும் தாண்டியது. அவள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஓடு அதிர்ந்தது.

அத்தனை நாளும் பச்சைக்கொடி கேட்டில் நின்று, வெறும் கொம்பைத்தான் ரயிலுக்கு ஆட்டிக்கொண்டிருந்தாராம். புது ஆள் கேலி செய்திருக்கிறான்.

"கொடி எங்க பெரிசு?"

"டூட்டில கீது."

இப்போதும் எங்கள் வீட்டில் யாராவது உண்டானால், யார் என்ன சொன்னாலும், நான் முதல் காரியமாக ஊசியில் நூல் கோக்கிறேன். பச்சைத் துணிதான் எடுப்பேன். அந்த மனுஷனை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.