கேக்காமல் சொன்ன கருத்து

என்ரை மகள் போட்டுக் காட்டுற பாட்டை நான் கேக்கிறேல்லை. கேக்காமலே கருத்துச் சொல்லுறது. இதுதான் நான் எடுத்த முடிவு.

சிரிக்காதையுங்கோ. எங்கடை சனசமூக நிலையத்துக் கூட்டத்திலை ஆண்டறிக்கையை ஒருத்தரும் வாசிக்கிறேல்லை. ஆனால் முன்மொழிய ஒருத்தர் எழும்புவார், வழிமொழிய இன்னொருத்தர் எழும்புவார், பிறகு எல்லாரும் வடை தின்னுவினம். அறிக்கைக்கு அது சரியெண்டால் பாட்டுக்கு ஏன் சரிவராது?

நான் தியாகலிங்கம். வல்வெட்டித்துறையிலை லவுட்ஸ்பீக்கர் வாடகைக்குக் குடுக்கிறவன். கோயில் திருவிழா, கலியாணம், செத்தவீடு, விளையாட்டுப்போட்டி, எல்லாத்துக்கும் சத்தம் என்ரை. சாமான் ஏத்துற வான் வண்டியிலை ‘அருள் சவுண்ட்ஸ்’ எண்டு பெரிசாய் எழுதிக் கிடக்கு. அருள் எண்டால் என்ரை மகன் அருட்செல்வன். போன மாரிக்கு டெங்குக் காய்ச்சல் வந்து, ஆசுப்பத்திரியிலை கிடந்து, எங்களை விட்டிட்டுப் போட்டான். இருபத்திமூண்டு வயசுப் பிள்ளை. அதுக்குப் பிறகு ஊருக்கெல்லாம் சத்தம் போடுறன், வீட்டுக்குள்ளை ஒரு ரேடியோவும் பாடுறேல்லை. அவன்ரை பேரை வான் வண்டியிலை வாசிப்பன், வாயாலை சொல்ல ஏலாது.

அவன் இருக்கேக்கை கம்பியூட்டரிலை ஒரு கப்பல் கேம் விளையாடுவான். பாதியிலை நிப்பாட்டிப்போட்டுச் சாப்பிட வருவான். கேம் நிண்டாலும் பாட்டு நிக்காது. கிணிங் கிணிங் எண்டு ஒரே மெட்டு, சுத்திச் சுத்தி வந்துகொண்டே இருக்கும். “டேய், உந்தக் கிணிகிணியை நிப்பாட்டடா!” எண்டு கத்துவன். அவன் வாய் நிறையச் சோத்தோடை சிரிப்பான்.

அந்தக் கிணிகிணியைத்தான் மகள் ஆரபி இப்ப கையிலை எடுத்திருக்கிறாள். ஏஎல் சோதனை எழுதிப்போட்டுக் கம்பசுக்குக் காத்திருக்கிற பிள்ளை. லப்டொப்புக்குள்ளையே வயலின், புல்லாங்குழல், ட்ரம்பெட், பெரிய மேளம் எல்லாத்தையும் கூட்டி, நூறு பேர் இருந்து வாசிக்கிறமாதிரி அந்த மெட்டைத் திருப்பிச் செய்திருக்கிறாள். அவன் போய் ஒரு வருசம் முடியிற ஆட்டைத் திவசத்தண்டு அண்ணான்ரை பேரிலை இன்ரநெற்றிலை போடப்போறாளாம்.

“நீங்கள் கேட்டுச் சரி எண்டு சொன்னாத்தான் போடுவன் அப்பா. இல்லாட்டி வேண்டாம்,” எண்டாள். “சவுண்ட் தெரிஞ்ச ஆள் வீட்டிலை நீங்கள்தானே.”

அந்த மெட்டைக் கேட்டால் நான் நிண்ட இடத்திலை விழுந்துபோவன். அதைப் பெத்த பிள்ளைக்குச் சொல்ல ஏலுமே? “அம்மாவுக்குப் போட்டுக் காட்டாதை பிள்ளை, அவ தாங்கமாட்டா,” எண்டு பெரிய மனிசன்மாதிரிச் சொன்னன்.

வாட்ஸப்பிலை அனுப்பினாள். நான் அவளுக்கு முன்னாலையே கதிரையிலை இருந்து, இயர்போனை ரெண்டு காதிலையும் செருகி, சத்தத்தை அடியோடை இறக்கினன். தொழில் தெரிஞ்ச கள்ளன் நான். போனிலை கோடு ஓடுறதைப் பாத்துப் பாத்துத் தலையாட்டினன். பாதி வரேக்கை புருவத்தைத் தூக்கினன். முடியிற நேரம் கண்ணை மூடினன். எந்தப் பாகவதரும் அப்பிடி ரசிச்சிருக்கமாட்டார்.

“எப்பிடியப்பா?”

“நல்லாயிருக்கு. பேஸ்தான் கொஞ்சம் காணாது.”

பேஸ், அதுதான் அடிச்சத்தம், காணாது எண்டு உலகத்திலை எந்தப் பாட்டுக்கும் சொல்லலாம். பிள்ளை அறைக் கதவைச் சாத்திப்போட்டு இருந்து திருத்திக்கொண்டு வந்தாள்.

“இப்ப?”

“பேஸ் கூடிப்போச்சு.”

“போனமுறை காணாது எண்டனீங்கள்!”

“கூட்டச் சொன்னால் கூட்டவேணும் பிள்ளை, கொட்டக்கூடாது.”

அவள் திரும்பவும் திருத்தினாள். நான் திரும்பவும் தலையாட்டினன்.

“எல்லாம் சரி. வயலினைக் கொஞ்சம் அழவிடு.”

“எந்த இடத்திலை அப்பா?”

“எல்லா இடத்திலையும்தான்.”

பிள்ளையின்ரை முகம் வாடிப்போச்சு. எனக்குப் பாவமாய்க் கிடந்தது. அதுக்காகக் கேக்க ஏலுமே? என்ரை மனிசி மகாதேவி அடுப்படி வாசலிலை நிண்டு எல்லாத்தையும் பாத்தா. வாயே திறக்கேல்லை. மகாதேவி வாய் திறக்கேல்லையெண்டால் நான் அப்பவே உசாராகியிருக்கவேணும்.

அடுத்த நாள் பருத்தித்துறைப் பக்கம் ஒரு கோயிலுக்கு ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு நிக்கிறன், போன் கிணுங்குது. ஆரபி பாட்டு அனுப்பியிருக்கிறாள். ‘கடைசித் திருத்தம் அப்பா. கேட்டிட்டுச் சொல்லுங்கோ.’

நான் திறந்தும் பாக்கேல்லை. கொஞ்ச நேரம் விட்டிட்டுக் குரலாலையே பதில் அனுப்பினன். “கேட்டன் பிள்ளை. அருமை! கடைசிப் பக்கம் அந்த வயலின் அழுதிது பார், நெஞ்சைத் தொட்டுப்போட்டுது. இதுதான் சரி. போடு.”

பெரிய பாரம் இறங்கின சந்தோசத்திலை வீட்டை வந்தன். மகாதேவி வாசல் படலையடியிலை நிண்டா.

“தேங்காய் எங்கை?”

“என்ன தேங்காய்?”

“ரெண்டு தேங்காயும் பச்சைமிளகாயும் வாங்கிக்கொண்டு வரச் சொன்னனான் எல்லே?”

“நீர் எப்ப சொன்னனீர்?”

“பாட்டிலை.”

“எந்தப் பாட்டிலை?”

“உங்கடை நெஞ்சைத் தொட்ட பாட்டிலை.”

என்ரை சட்டைப் பொக்கற்றுக்குள்ளையிருந்து போனை எடுத்தா. சத்தத்தை முழுசாய் ஏத்தினா. ஆரபி அனுப்பினதைத் தொட்டு அமத்தினா. “இஞ்சருங்கோ, வரேக்கை ரெண்டு தேங்காய் வாங்கிக்கொண்டு வாங்கோ. பச்சைமிளகாயும் முடிஞ்சுது. கேக்குதோ? கேக்காது. எனக்குத் தெரியும் உங்களை.” அவ்வளவும்தான் பாட்டு. வயலினும் இல்லை, மேளமும் இல்லை, முழுக்க மகாதேவி.

“அது வந்து... கோயிலடியிலை ஒரே இரைச்சல்...” எண்டு இழுத்தன்.

“அந்த இரைச்சலுக்கை வயலின் மட்டும் அழுததாக்கும்.”

அவவுக்குப் பின்னாலை ஆரபி நிண்டாள். அவள் சிரிக்கேல்லை.

“முதல் தரமும் கேக்கேல்லையோ அப்பா? ஒருக்காலும் கேக்கேல்லையோ?”

இல்லையெண்டு தலையாட்டினன். பிள்ளை நான் சொன்ன பொய்யை எல்லாம் நம்பி, கண் சிவக்க இருந்து திருத்தினவள். எனக்கு வெக்கமாய்ப் போச்சு.

“வான் வண்டிக்கை கிடக்கிற பெரிய ஸ்பீக்கர் பொக்ஸ் ரெண்டையும் இறக்குங்கோ,” எண்டா மகாதேவி.

“வேண்டாம். நீர் தாங்கமாட்டீர்,” எண்டன் நான்.

“முதல் இறக்குங்கோ.”

இறக்கினன். வீட்டு ஹோலுக்குள்ளை வைச்சு வயர் பூட்டினன். கை தன்ரை வேலையைச் செய்தது. ஆரபி லப்டொப்பிலை ஒரு கட்டையை அமத்தினாள்.

முதலிலை கிணிகிணி தனியத்தான் வந்தது. பக்கத்து அறைக்குள்ளையிருந்து வாறமாதிரி அவ்வளவு மெல்லிசாய். நான் அந்த அறைப் பக்கம் திரும்பி “நிப்பாட்டடா” எண்டு வாயும் எடுத்திட்டன். பிறகு புல்லாங்குழல் ஒண்டு கிணிகிணியோடை சேர்ந்து நடந்தது. வயலினுகள் வந்து அதைத் தூக்கினது. வீடு முழுக்க அந்த மெட்டு. இது நான் கத்தி அடக்கின அந்தக் கிணிகிணியோ எண்டு கிடந்தது. அதுக்குப் பிறகு ட்ரம்பெட்டுகள் எல்லாம் ஒண்டாய் எழும்பிச்சுது.

“நிப்பாட்டு!” எண்டன். “பிழை. முழுப்பிழை!”

ஆரபி பயந்துபோனாள். “எது அப்பா?”

“ட்ரம்பெட் ஏறி மிதிக்குது. கிணிகிணி அடியிலை அமுங்கிப்போச்சு. நூறு பேர் வாசிச்சாலும் அது மேலை கேக்கவேணும் பிள்ளை. மற்றதெல்லாத்தையும் இறக்கு. அருளின்ரை சத்தம் கேக்கேல்லை. அருளைக் காணேல்லை!”

பேரைச் சொல்லிப்போட்டன். அதுக்குப் பிறகு என்னாலை ஏலாமல் போச்சு. அவன்ரை செத்தவீட்டுக்கும் நான்தான் ஸ்பீக்கர் கட்டினனான். வயர் எட்டாதெண்டும் மைக் கரகரக்குதெண்டும் ஓடித்திரிஞ்சன், ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லை. அண்டைக்கு அழாததையெல்லாம் சேர்த்து, பொக்ஸைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு குழறி அழுதன். “என்ரை ராசா, என்ரை அருள்” எண்டு அழுதன். ஆரபியும் பக்கத்திலை குந்தியிருந்து அழுதாள்.

“கிணிகிணியை மேலை எடுக்கிறன் அப்பா,” எண்டாள். “கட்டாயம் எடுக்கிறன்.”

மகாதேவிதான் வந்து சீலைத் தலைப்பாலை என்ரை முகத்தைத் துடைச்சா. நிமிந்து பாத்தன். அவவின்ரை கண்ணிலை ஒரு துளி இல்லை. எனக்குக் கோவமும் வந்தது, பயமும் வந்தது.

“என்ன மகாதேவி, இதைக் கேட்டும் உமக்கு அழுகை வரேல்லையே?”

“நானும் பிள்ளையும் உந்தப் பாட்டைப் போட்டுப் போட்டு எப்பவோ அழுது முடிச்சிட்டம்,” எண்டா மகாதேவி. “நீங்கள் எப்ப வருவியள் எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தனாங்கள்.”