பிச்சாவரத்தில் விழுந்த சாட்டிலைட்

நான் ஒரு தடவை சீனாவின் உளவு சாட்டிலைட்டைப் பிடித்திருக்கிறேன். கையும் களவுமாக, டிவிக்காரர்கள் முன்னிலையில். நாட்டுக்காக இவ்வளவு செய்தவன் அதற்குப் பிறகு ஏன் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே தலைகாட்டவில்லை என்றால், அந்த வயிற்றெரிச்சலைத்தான் சொல்லப் போகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. கடலூரில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். நம் கலம் நிலவில் இறங்கியதிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. (இறக்கியதே நான்தான் என்று நினைப்பு.) சீனா ஒரு ராக்கெட் விட்டால் போதும், அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. அவர்கள் விட்டது எத்தனை, நாம் விட்டது எத்தனை என்று வகுப்புச் சுவரில் கோடு போட்டு வைத்திருந்தேன். அவர்கள் பக்கம் கோடு ஜாஸ்தியாகிக்கொண்டே போனதும் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டேன்.

அந்தக் கார்த்திகையில் புயல் அடித்தது. எங்கள் வீடு முதுநகரில், உப்பனாற்றை ஒட்டி. விடிந்ததும் மொட்டை மாடியிலிருந்து அப்பா கத்தினார்.

"டேய், வெந்நீர் டேங்க்கக் காணோம்டா! கண்ணாடிக் குழாயெல்லாம் நொறுங்கிக் கெடக்குது. ஆத்தோரமா போய்ப் பாத்துட்டு வாயேன்."

வெயிலில் தண்ணீர் காய்ச்சும் சோலார் ஹீட்டரின் டேங்க். நானோ சீனாவின் விண்வெளி நிலையம் எங்கள் ஊருக்கு மேலே எத்தனை மணிக்குப் போகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். "அப்புறம் பாக்கறேன்பா" என்றேன். பார்க்கவில்லை. அன்றிலிருந்து அப்பா பச்சைத் தண்ணீரில் குளித்தார், சொம்புக்கு ஒரு தடவை என்னைத் திட்டியபடி.

இதற்கிடையில் எனக்குச் சிதம்பரத்தில் பெண் நிச்சயமாகியிருந்தது. பெயர் கயல். கல்யாணத்துக்கு மூன்று வாரம். அவள் அப்பாவுக்குப் பிச்சாவரம் பக்கம் ஐஸ் கம்பெனி. ஒரு ஞாயிறு காலை அவரே போன் செய்தார்.

"மாப்ள, இங்க அலையாத்திக் காட்டுல என்னமோ உருளையா ஒதுங்கிக் கெடக்கு. சீன எழுத்து இருக்குன்றாங்க. நீங்கதான் ராக்கெட்டக் கரைச்சுக் குடிச்சவராச்சே. வந்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க."

கேட்கவா வேண்டும்! பைக்கில் பறந்தேன்.

ஊரே கூடியிருந்தது. எஸ்.ஐ., இரண்டு கான்ஸ்டபிள், ஒரு டிவி கேமரா, மாமா, அவர் பின்னால் கயல். வேர்களுக்கு நடுவே சேற்றில் செங்குத்தாகச் சொருகி நின்றது அந்த உருளை. ஓர் ஓரத்தில் நிஜமாகவே சீன எழுத்து. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"வரிசையா பதினஞ்சு ஓட்டை இருக்கு பாருங்க, ஒவ்வொண்ணும் ஒரு கேமரா வெக்கற எடம்" என்றேன். "ரெண்டு தகட்டுக்கு நடுவுல நுரை இருக்கே, அது விண்வெளிச் சூட்டத் தாங்கறதுக்கு. உள்ளே வெள்ளையா படிஞ்சிருக்கு பாருங்க, எரிபொருள் மிச்சம்!"

மீன் விற்கும் அஞ்சலை அக்கா அந்த வெள்ளையை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "உப்பாட்டம் இருக்குது தம்பி."

"ஐயோ, துப்புங்கக்கா! விஷம்!"

அவர் துப்பிவிட்டுத் தலையைப் பக்கவாட்டில் சாய்த்து உருளையைப் பார்த்தார். அதில் நெட்டுக்குத்தாக மூன்று வெள்ளைக் கோடு, நடுக்கோட்டில் ஒரு சிவப்பு வட்டம். "இது பட்டையும் பொட்டும் மாதிரியில்ல இருக்குது?"

"சீனாக்காரனுக்குப் பட்டை எதுக்குக்கா? அது அவுங்க ராணுவ முத்திரை." (எவ்வளவு நிதானமாகச் சொன்னேன் தெரியுமா!)

எஸ்.ஐ. குரலைத் தாழ்த்தினார். "சார், வெடிக்குமா?"

"சொல்ல முடியாது. சுத்துவட்டாரத்துல ஒரு ஆள் இருக்கக் கூடாது."

அவ்வளவுதான். படகு சவாரி நின்றது. எவரும் கடலுக்குப் போகக் கூடாது என்று விசில் ஊதினார்கள். மாமாவின் ஐஸ் வாங்க ஆளில்லாமல் உருகி ஓடியது. அவரோ அதைக் கண்டுகொள்ளாமல், "எங்க மாப்ளதான் கண்டுபுடிச்சாரு" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மைக்கைப் பிடித்து, "எதிரியின் கண் நம் மண்ணில் விழுந்து கிடக்கிறது" என்று முழங்கி முடித்தேன். போன் அடித்தது. அப்பா.

பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று ஸ்பீக்கரில் போட்டேன். கயல் கேட்கட்டுமே என்ற அற்ப ஆசை.

"டிவியில பாத்தேன்டா" என்றார் அப்பா.

"பெருமையா இருக்காப்பா?"

"அது நம்ம டேங்க்குடா."

"எந்த டேங்க்?"

"குளிக்கற டேங்க்குடா, பாவி! சீனாவுல செஞ்சதுடா அது, பதினஞ்சு ஓட்டையும் கண்ணாடிக் குழாய் சொருகறது! ஆயுத பூஜைக்கு வெக்கற பட்டையும் பொட்டும் மழையில போயிடுதுன்னு போன வருசம் நான்தான பெயிண்ட்லயே போட்டுவுட்டேன்! உள்ள வெள்ளையா இருக்கறது நம்ம போர் தண்ணி உப்பு!"

பத்து வருஷம் அந்தத் தண்ணீரில் குளித்திருக்கிறேன்! மாடிக்கு ஆயிரம் தடவை ஏறியிருக்கிறேன். ஏறினால் நேராக வானத்தைப் பார்ப்பேன். பக்கத்தில் நிற்கும் டேங்க்கை ஒரு நாள்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

முதலில் வாய் திறந்தது அஞ்சலை அக்கா. "எங்க பொழப்புல ஒரு நாளு போச்சு. நீ குளிக்கற டேங்க்குக்காய்யா எங்கள வெரட்டுன?"

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். வேறென்ன செய்வது? எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். கேமராக்காரர் மட்டும் நிறுத்தாமல் எடுத்துக்கொண்டே இருந்தார். மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை. "கல்யாணத்தப் பத்தி யோசிச்சு சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கயலை அழைத்துக்கொண்டு போனார்.

பத்து நாள் அவர்கள் பக்கமிருந்து பேச்சு மூச்சே இல்லை. கல்யாண மண்டபத்துக்காரர் போன் செய்தபோது அம்மா எடுக்கவே பயந்தார். எனக்குக் கயலைப் பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது. ஒரு வெந்நீர் டேங்க்கால் அவள் கைவிட்டுப் போகப் போகிறாளே என்று குமைந்து போனேன்.

பதினோராம் நாள் ஐஸ் வண்டியில் டேங்க் வீடு வந்து சேர்ந்தது. பின்னாலேயே கயலின் போன்.

"ஏங்க, பத்து வருசமா கூடவே இருந்தத நீங்க பாக்கல. என்னைய மட்டும் பாப்பீங்களா?"

சிரிப்புக்காகக் கேட்கவில்லை அவள். எனக்கும் வேடிக்கையாகப் பதில் சொல்ல வரவில்லை. "தெரியல கயல். ஆனா இனிமே மேல பாக்கறத கொறைச்சுக்கறேன்" என்றேன். "சரி, அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்" என்றாள்.

சொன்ன தேதியில் கல்யாணம் நடந்தது. அஞ்சலை அக்கா முதல் பந்தியில் உட்கார்ந்து, "மாப்ளய ஓரமா நிறுத்துங்க, வெடிச்சிடப் போறாரு" என்றார். ஓட்டைகளை அடைத்த அந்த நசுங்கிய டேங்க் இப்போது மாடியில் கயலின் செடிகளுக்குத் தண்ணீர் வைத்திருக்கிறது. வீட்டில் அதற்குப் பெயர் சாட்டிலைட்.

வருஷா வருஷம் ஆயுத பூஜையன்று கயல் சந்தனக் கிண்ணத்தோடு வீட்டைச் சுற்றி வருவாள். மிக்சி, பைக், லேப்டாப், சாட்டிலைட் எல்லாவற்றுக்கும் பட்டையும் பொட்டும் வைத்துவிட்டுக் கடைசியில் என்னிடம் வந்து தாடையைப் பிடித்து நிமிர்த்தி, என் நெற்றியிலும் வைப்பாள்.

"எங்கனா ஒதுங்கிக் கெடந்தா, கண்டுபுடிச்சுக் கொண்டாரணும்ல?"