ஊர்பேரும் இரண்டு மல்லிகாக்களும்

தாம்பரத்துக்குத் தெற்கே அவரளவுக்கு எண்களோடு பகை வளர்த்த மனிதர் ஒருவர்கூட இல்லை. ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் சின்ன மென்பொருள் அலுவலகத்தில் புரோகிராமர், என் வயதுக்காரர். யாரைப் பற்றிப் பேசினாலும் “ஊர் பேர் சொல்லு” என்பார். ஆகவே அவரே ‘ஊர்பேர்’ ஆனார். ஓட்டலில் டோக்கன் எண்ணைக் கூவினால் எழுந்திருக்கமாட்டார். தோசை ஆறும். பஸ்ஸையும் “மாடம்பாக்கம் போறது” என்றுதான் சொல்வார். சொல்லி முடிப்பதற்குள் அது போய்விட்டிருக்கும்.

கோவளத்திலும் இங்கேயும் கிளை வைத்திருந்த ஒரு மருத்துவமனை, இரண்டு இடத்து நோயாளிப் பதிவுகளையும் ஒன்றாக்கச் சொன்னது. கம்ப்யூட்டர் தானாகப் போட்டுக்கொள்ளும் வரிசை எண்ணை நம்பி, எங்கள் அலுவலகத்து இளையவன் சீனு பதிவுகளைச் சோதனைக்கு ஏற்றிப் பார்த்தான். கோவளத்தில் நாற்பத்தொன்று, மீன் விற்கும் மல்லிகா, பென்சிலின் ஆகாது. இங்கே நாற்பத்தொன்று, ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. இரண்டும் ஒரே ஆளாகி, பென்சிலின் எச்சரிக்கை வங்கி அதிகாரியிடம் போய் உட்கார்ந்தது. மல்லிகாவின் பக்கம் வெறுமையாக, கடல் உள்வாங்கிய மணல்போலக் கிடந்தது. உயிர் போக ஒரு பென்சிலின் ஊசி போதும்.

“நம்பர் அந்த மெஷின் வெச்ச செல்லப் பேருடா,” என்றார் ஊர்பேர். “வாசல தாண்டுனா செல்லாது.”

எண்களைக் கழற்றிவிட்டு, பெயர், தகப்பன் அல்லது கணவர் பெயர், பிறந்த தேதி, ஊர் இவற்றையே அடையாளமாக்கிப் பதிவுகளை எடுத்தார். அங்கேயும் இடித்தது. கோவளத்தில் இரண்டு மல்லிகா. இரண்டு கணவரும் குப்பன். பிறந்த தேதியும் ஒன்றே: பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் எல்லோருக்கும் போட்ட ஜூன் ஒன்று.

“இப்ப இன்னா பண்றது அண்ணா?” சீனு சிரித்தான்.

ஊர்பேர் பென்சிலின் ஆகாத மல்லிகாவுக்கே போன் போட்டார். “அக்கா, ஊர்ல உங்கள எப்படிக் கூப்புடுவாங்க?”

“இன்னாத்துக்கு சார்? பொண்ணு பாக்க வர்றியா?”

“உங்க ஊசி மாறிடக் கூடாதுக்கா.”

“ஐஸ் கம்பெனியாண்ட மல்லிகா. இன்னொருத்தி கெணத்தாண்ட கீறா.”

அதையும் அடையாளத்தில் சேர்த்தார். எச்சரிக்கை உரியவரிடம் திரும்பியது.

போன மாதம் நெஞ்சுவலி என்று ஊர்பேரையே அந்த மருத்துவமனையில் சேர்த்தோம். “பெட் ஏழு, பெட் ஏழு,” என்று நர்ஸ் தட்டித் தட்டிக் கூப்பிட்டார். கண் திறக்கவில்லை. நான் அவர் காதருகே குனிந்தேன்.

“சிங்கப்பெருமாள் கோவில், துரைசாமி மகன் கஜேந்திரன்.”

உதடு அசைந்தது. “பொறந்த தேதி வுட்டுட்ட மச்சான்.”

சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவர் கண்ணைத் திறந்தார். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.